வெண்டலின் இடது பக்கம்

எங்கள் கோல்டர் ஊரில் வெண்டல் கிம்பிளின் காரைச் சுற்றி வந்து நாலு பக்கமும் பார்த்தவர்கள் நிறையப் பேர். பார்த்ததாக வாய்விட்டுச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ஏழு வருடம் இப்படியே போயிற்று.

நீல நிறக் கார். மடக்குக் கூரை. எழுபதாம் ஆண்டு டெட்ராய்ட்டில் செய்தது. வெண்டல் அதைவிடக் கொஞ்சம் மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான ஆள், யாருக்கோ வழிவிடுவதுபோல எப்போதும் சற்று ஒதுங்கிச் சாய்ந்து நிற்பார். யார் என்ன சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். அடுத்த ஆள் வந்து நேர்மாறாகச் சொன்னால் அதற்கும் அதே பதில். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கேட்கும் நேரத்தில் இரண்டுமே அவருக்குச் சரியாகத்தான் பட்டன.

பகலில் ஹெர்ஷலின் டயர் கடையில் வேலை. தங்கியிருந்தது அக்கா டார்லாவின் வீட்டு மாடி அறையில். டார்லாவின் கணவர் நோர்பர்ட், கியர்பாக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆக வெண்டலுக்கு மதியச் சாப்பாடு ஹெர்ஷலோடு, ராத்திரிச் சாப்பாடு நோர்பர்ட்டோடு. இதில் தகராறு எங்கே வந்தது என்றால், ஹெர்ஷலும் நோர்பர்ட்டும் பேசிக்கொள்வதில்லை.

ஒருகாலத்தில் இருவரும் இணைபிரியாதவர்கள். ஊரில் பழைய கார் சங்கத்தை ஆரம்பித்தவர்களே அவர்கள்தான். அதை உடைத்ததும் அவர்கள்தான். உடைந்ததற்குக் காரணம் டயர் எழுத்து.

டயரின் பக்கவாட்டில் கம்பெனியின் பெயர் மேடாக எழும்பி நிற்கும், ரப்பரின் கறுப்பிலேயே. அந்த மேட்டின்மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்தால் தூரத்திலிருந்தே வண்டி சிரிப்பது போலிருக்கும். ஹெர்ஷல் வசந்தம் பிறந்ததும் எழுத்தடிக்காமல் வண்டியை வெளியே எடுக்கமாட்டார். நோர்பர்ட்டுக்கு அது பிடிக்காது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வழக்கம்போல ஐஸ்கிரீம் கடை வாசலில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது அது வெளியே வந்தது.

"டயர் உருள்றதுக்கு இருக்கு, ஹெர்ஷல். படிக்கிறதுக்கு இல்ல. வளர்ந்த ஆம்பிளை மண்டி போட்டு உக்காந்து வண்டிக்கு மை தீட்டிட்டு இருக்கான்."

"நீ தீட்டாத, யாரு கேட்டா? உன் வண்டி எழவு வீட்டுக்குப் போற மாதிரியே நிக்கட்டும்."

"உன்னுது கல்யாணத்துக்குப் போற மாதிரி நிக்குது. என்ன, உன்ன யாரும் கூப்பிடல."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தது தப்பாகப் போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை நோர்பர்ட் தன் ஆட்களோடு இரும்புக்கடை வாசலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஊரில் பழைய கார் வைத்திருந்தவர்கள் எழுத்துக்காரர்கள், மொட்டைகள் என்று இரண்டாகப் பிரிந்தார்கள். மொட்டை என்ற பெயரை வைத்தது எழுத்துக்காரர்கள். முதலில் கோபப்பட்ட மொட்டைகள், பிறகு அந்தப் பெயரைத் தொப்பியிலேயே தைத்துப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த வசந்தத்தில்தான் வெண்டல் தன் காருக்குப் புது டயர் மாட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோர்பர்ட்டும் டார்லாவும் ஊரில் இல்லை. வீட்டுக்குப் பக்கவாட்டில் காரை ஜாக்கியில் ஏற்றி, அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன்மேல் மண்டியிட்டு வேலையை ஆரம்பித்தார். பக்கத்து வீடு எங்களுடையது. அப்போது சிறுமியாக இருந்த நான், சமையலறை ஜன்னலிலிருந்து அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன்.

முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு தின்னரில் நனைத்த துணி. புது டயரில் ஒரு வழவழப்பு இருக்கும், அது போகாவிட்டால் பெயின்ட் ஒட்டாது. ஒரு மாதத்தில் பழுப்பேறி உரிந்துவிடும். பிறகு பெயின்ட் பேனா. ஓர் எழுத்தை முடித்ததும் எழுந்து சக்கரத்தைச் சற்றே உருட்டுவார், அடுத்த எழுத்து நேராக மேலே வந்து நிற்கும்வரை. எழுதும்போது மூச்சு விடமாட்டார். எழுத்து முடிந்ததும் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவர்போல மூச்சு வாங்குவார். கோடு தாண்டிவிட்டால் கட்டைவிரல் நகத்தில் துணியைச் சுற்றி ஒரே இழுப்பு. தாண்டின தடமே இருக்காது. முதல் பூச்சு மெல்லியதாக, அது காய்ந்தபின் இரண்டாவது.

இடது பக்கத்து டயர்கள் இரண்டும் முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வெண்டல் காரைக் கீழிறக்கி, அட்டையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். வலது பக்கத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் காலை கடைக்கு முன்னால் காரை நிறுத்தினார். இடது பக்கம் கடை ஜன்னலைப் பார்த்திருந்தது. ஹெர்ஷல் காப்பிக் குவளையோடு வெளியே வந்தார். எழுத்துகளைப் பார்த்தார். குனிந்து கிட்டத்தில் பார்த்தார். பிறகு தன் காப்பியை வெண்டலின் கையில் கொடுத்துவிட்டார்.

"அவன் வீட்டுல இருந்துக்கிட்டே இதப் பண்ணியிருக்க. எனக்குத் தெரியும்யா, நீ நம்ம ஆளுன்னு." கண் கலங்கியிருந்தது. அன்று மாலை கடைச் சாவியில் ஒன்று வெண்டலுக்கு வந்தது.

சாவியோடு வீட்டுக்குத் திரும்பினால் வராந்தாவில் நோர்பர்ட். வீட்டுக்குள் போகும் வழி எப்படி அமைந்திருந்தது என்றால், வண்டியை நேராக ஓட்டிப் போய் நிறுத்தினால் வலது பக்கம் வராந்தாவையும் இடது பக்கம் எங்கள் வேலியையும் பார்க்கும். நோர்பர்ட் அந்த இரண்டு கறுப்பு டயர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாள் முழுக்க அந்தப் பெயின்ட் டப்பாக்காரனோட இருக்க. இருந்தும் உன் டயர் சுத்தமா இருக்கு பாரு. டார்லா, உன் தம்பிக்கு இருக்கிற முதுகெலும்பு நம்ம சங்கத்துல பாதிப் பேருக்கு இல்ல." அந்தக் குளிர்காலத்துக்கு ஷெட்டில் தன் காருக்குப் பக்கத்து இடத்தை வெண்டலுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அதுவரை அங்கே யாருக்கும் இடம் கொடுத்ததில்லை.

வெண்டல் இரண்டு பேரிடமும் சொன்னது ஒன்றுதான். "அதுவும் சரிதான்."

அதன்பிறகு வலது பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்கவும் முடியவில்லை, இடது பக்கத்தை அழிக்கவும் முடியவில்லை.

ஒரு மனிதன் ஒரு பக்கத்தை ஒருவரிடமும் மறுபக்கத்தை இன்னொருவரிடமும் மட்டும் காட்டிக்கொண்டு ஒரு சிறிய ஊரில் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். ஊர் ஒத்துழைத்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம். சர்ச்சில் பாதிரியார் மதிலோர மூலையை அவருக்கென்றே விட்டுவைத்தார். மளிகைக் கடையில் ஹெர்ஷலின் வண்டி நின்றால், வெண்டல் உள்ளே நுழையுமுன் யாராவது கையை ஆட்டி எந்த வரிசையில் நிறுத்தலாம் என்று காட்டுவார்கள். பேங்க் வாசலில் ஒருமுறை போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். புதிதாக வந்த போலீஸ்காரர் அபராதச் சீட்டு எழுத ஆரம்பிக்க, பேங்க்கிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் எதிர்ப்புறம் பார்த்தார். அங்கே முடிதிருத்தும் கடை நாற்காலியில் நோர்பர்ட் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் சீட்டைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், "வெண்டல் வந்தா மட்டும் எந்தச் சட்டமும் பாக்காத, அவருக்கு எந்தப் பக்கம் வேணுமோ விடு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

இதில் இன்னொன்றும் நடந்தது. நாலு டயருக்குச் செலவழிக்க வேண்டிய கவனம் முழுவதும் இரண்டுக்கே போனதால், அந்த இடது பக்கத்து எழுத்துகள் வருடா வருடம் அழகாகிக்கொண்டே வந்தன. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் எழுத்துக்காரர்கள் கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வலது பக்கத்துக்கு வெறும் டயர் பாலிஷ்தான்; ஆனால் அதையும் குறைவைக்கவில்லை. மொட்டைகள் அதைப் பார்த்து, "இதுதான்யா டயர்" என்பார்கள்.

பிறகு பாலம் வந்தது.

ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலம் எங்கள் ஊரில் எப்போதும் ஒரு வழிப் பயணம். நூலகத்தில் புறப்பட்டு மெயின் தெரு வழியே கிழக்கே போய், பாலத்தைத் தாண்டிப் பள்ளி மைதானத்தில் முடியும். தெருவின் வடக்கு ஓரம் ஹெர்ஷலின் கடை இருக்கும் பக்கம், எழுத்துக்காரர்களுக்கு. தெற்கு ஓரம் இரும்புக்கடைப் பக்கம், மொட்டைகளுக்கு. முந்தின நாளே இரண்டு தரப்பும் மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து நடைபாதையில் போட்டு இடம் பிடித்துவிடும். கிழக்கே போகும் வண்டியின் இடது பக்கம் வடக்கைப் பார்க்கும், வலது பக்கம் தெற்கைப் பார்க்கும். வெண்டலுக்கென்றே போட்ட தெரு மாதிரி.

ஊர்வலத்தில் முதல் மரியாதைக்குரியவரை ஏற்றிச் செல்லும் காரை எந்தத் தரப்பு கொடுப்பது என்று வருடா வருடம் சண்டை. கமிட்டி அலுத்துப்போய் அந்த வருடம் வெண்டலைக் கேட்டது. இரண்டு தரப்பும் உடனே சம்மதித்தன. தங்கள் ஆள் போகிறார் என்ற பெருமை இரண்டுக்கும். வெண்டலும் சரி என்றார். அதற்கு அடுத்த வாரம் பாலத்தில் விரிசல் கண்டுபிடித்து மூடிவிட்டார்கள். ஊர்வலம் தானியக் கிடங்கு வரை போய், அங்கே திரும்பி, அதே தெரு வழியே நூலகத்துக்கு வரும் என்று கமிட்டி அறிவித்தது.

திரும்பி வந்தால் எழுத்து தெற்கே. மொட்டை வடக்கே.

அன்று சாயங்காலம் வெண்டல் எங்கள் வேலியோரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். டார்லா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் எங்கள் பக்கத்தில் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நான் அதிகம் பேசாத பெண் என்பதால் பெரியவர்கள் என் முன்னால் எதையும் பேசுவார்கள்.

"பேசாம நாலையும் அடிச்சிடு," என்றாள் டார்லா.

"நோர்பர்ட் முகத்துல எப்படி முழிக்கிறது? ராத்திரி எதிர்ல உக்காந்து சாப்பிடணும்."

"அப்ப நாலையும் அழிச்சிடு."

"ஹெர்ஷல் சாவி குடுத்திருக்கான், டார்லா."

"சாவிதானே. சிறுநீரகத்தையா குடுத்தான்?"

வெண்டல் சிரிக்கவில்லை. "வேலை போனா வேற வேலை. அறை போனா வேற அறை. அது இல்ல விஷயம். ரெண்டு பேரும் என்னைத் தன் ஆளுன்னு நெனச்சிருக்காங்க. எனக்குன்னு வேற யாரு இருக்கா? ஒருத்தனுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் தெரியும். மத்தியானமும் தனியா சாப்பிடணும், ராத்திரியும் தனியா சாப்பிடணும்."

டார்லா ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "ஏழு வருஷமா நீ பட்ட பாட்டுக்கு ரெண்டு பொண்டாட்டி கட்டியிருக்கலாம்டா. இதவிடச் சுலபமா இருந்திருக்கும்."

அந்த வாரம் அவர் செய்து பார்க்காதது இல்லை. கறுப்பு ஷூ பாலிஷை எழுத்துமேல் தடவினார்; சாம்பல் நிறமாகி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. ஊர்வலத்துக்கு அலங்காரமாகக் கட்டும் கொடித்துணியைக் காரைச் சுற்றித் தரைவரை தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தார்; எங்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் சக்கரம் துணியைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். கிடங்கு வரை போவது, அங்கே வண்டி கெட்டுவிட்டது என்று எஞ்சின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பது.

அந்த வருடம் முதல் மரியாதை மிஸ் ஐவாவுக்கு. எண்பதைத் தாண்டியவர். வேலைக்காலம் முழுவதும் ஊரில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். மீட்டர் பின்பக்கத்தில்தான் இருக்கும் என்பதால் எல்லோர் வீட்டுப் பின்பக்கமும் அவருக்கு அத்துப்படி. பின் இருக்கையின் முதுகுமேல் ஏறி உட்கார்ந்து, மடியில் ஒரு வாளி மிட்டாயை வைத்துக்கொண்டார்.

முன்னால் தீயணைப்பு வண்டி, அடுத்து வெண்டலின் கார், அதற்குப் பின்னால் பள்ளி பேண்ட். நான் கிளாரினெட், முதல் வரிசை. கம்பளிச் சீருடை. ஜூலை வெயில். எங்கள் கண்ணுக்கு நேரே மிஸ் ஐவாவின் முதுகு.

போகும்போது எல்லாம் அழகாக நடந்தது. டயர் கடையைத் தாண்டும்போது வடக்கு ஓரம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. ஹெர்ஷல் தொப்பியைக் கழற்றினார். எதிரே நோர்பர்ட் தன் ஆட்களிடம் வலது டயரைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்ல, தெற்கு ஓரமும் எழுந்து நின்றது. வெண்டல் எந்தப் பக்கமும் பார்க்காமல் நேரே பார்த்து ஓட்டினார்.

கிடங்கில் தீயணைப்பு வண்டி மெதுவாகத் திரும்பி, எங்களையும் தாண்டி நூலகத்தை நோக்கிப் போனது. வெண்டல் நின்றார். நாங்கள் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டு வாசித்தோம். அந்த இடைவெளியில் அவர்கள் பேசியது தெளிவாகக் கேட்டது.

"மிஸ் ஐவா, வண்டி கெட்டுப்போச்சுங்க. இதோட இறங்கிக்கலாம்."

"எங்க கெட்டுது? நல்லாத்தானே உறுமுது."

"கெடப்போகுதுங்க."

"கெடும்போது பாத்துக்கலாம். வாளியில பாதி மிட்டாய் இருக்கு. போகும்போது என் மருமக பிள்ளைங்க கைக்கு ஒண்ணுமே எட்டல. திருப்பு வண்டிய."

"திருப்ப முடியாதுங்க, மிஸ் ஐவா."

கிழவி முன்னால் குனிந்து வலது டயரை எட்டிப் பார்த்தார். மறுபக்கம் நகர்ந்து இடது டயரையும் பார்த்தார். பிறகு பழையபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப திருப்பாத," என்றார். "ரிவர்ஸ்ல போ."

வெண்டல் ஒரு நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு ரிவர்ஸ் கியர் விழும் சத்தம் கேட்டது.

நாங்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டோம். கார் எங்களுக்கு நடுவில் பின்னோக்கி நழுவிப் போனது. பேண்ட் மாஸ்டர் கையை உயர்த்தித் திரும்பச் சொன்னார், திரும்பினோம். இப்போது எங்களுக்கு நேர் எதிரே காரின் முகம். முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இருக்கையில் முறுக்கித் திரும்பியிருந்த வெண்டலின் பிடரி. அவருக்கு அப்பால் மிஸ் ஐவா. பின்புறமாகத் திரும்பி உட்கார்ந்து, தீயணைப்பு வண்டியைப் பார்த்து வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"இடது. இடதுப்பா."

"உங்க இடதா, என் இடதா?"

"இப்பத்தான் ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்துட்டு இருக்கோமே. எல்லா இடதும் ஒண்ணுதான். ஓட்டு."

தீயணைப்பு வண்டியின் பின்படியில் நின்றவர், தன்னை நோக்கி ஒரு காரின் டிக்கி வருவதைக் கண்டு இரண்டு கையையும் விரித்தார். பிறகு என்ன தோன்றியதோ, மரியாதையாக சல்யூட் வைத்தார். கூட்டம் முதலில் அடங்கிப்போனது. அடுத்து எங்கிருந்தோ ஒரு விசில். தெரு முழுவதும் கைதட்டல் தொற்றிக்கொண்டது. வேடிக்கைக்குச் செய்கிறார் என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் நினைத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். அவர்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள். மிட்டாய் இரண்டு ஓரமும் பறந்தது. எழுத்து வடக்கே, மொட்டை தெற்கே, போனபடியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

ரிவர்ஸ் கியரில் நடக்கிற வேகத்துக்கு வண்டியை ஓட்டுவதானால் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியேதான் ஓட்ட வேண்டும். முதலில் கருகல் நாற்றம் எங்கள் வரிசைக்கு வந்தது. பிறகு புகை. இரும்புக்கடைக்கும் டயர் கடைக்கும் சரியாக நடுவில் கார் ஒருமுறை முனகியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி நகரவில்லை.

பேண்ட் நின்றது. ஹெர்ஷல் நாற்காலியிலிருந்து எழுந்தார். எதிரே நோர்பர்ட்டும் எழுந்தார். இரண்டு பேரும் தெருவில் இறங்கிக் காரை நோக்கி நடந்தார்கள். வெண்டல் எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் வியர்வை வழிந்தது. துடைக்கவில்லை.

ஹெர்ஷல் இடது பக்கம் வந்து நின்றார். நோர்பர்ட் வலது பக்கம் வந்து நின்றார். நடுவில் காரின் மூடி.

"கிளட்ச் போச்சு," என்றார் நோர்பர்ட், மூடியைப் பார்த்து.

"தெரியுது. மூக்கு எனக்கும் இருக்கு," என்றார் ஹெர்ஷலும் மூடியைப் பார்த்தே. ஏழு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவை.

"தள்ளித்தான் ஆகணும்."

"என் கடை இங்கயே இருக்கு."

"உன் கடையில கிளட்ச் பாக்க யாரு இருக்கா?"

ஹெர்ஷல் தன் கடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நீ இருந்தா நீ பாரு," என்றார் பிறகு.

நோர்பர்ட் தாடையைத் தடவிக்கொண்டார். ஓர் அடி எடுத்து வைத்தார். அவர் காரைச் சுற்றி வரப்போகிறார் என்று நினைத்தேன். வெண்டல் கண்களை மூடிக்கொண்டார்.

"அங்கயே நில்லு," என்றார் ஹெர்ஷல்.

"நிக்காம? நான் எதுக்கு உன் பக்கம் வரேன்? தொப்பியச் சரி பண்ணேன். நீயும் அங்கயே நில்லு. இந்தப் பக்கம் எட்டிப் பாத்த, அப்புறம் எனக்குக் கெட்ட கோபம் வரும்."

வெண்டல் கண்ணைத் திறந்தார். முதலில் ஒருவரைப் பார்த்தார், பிறகு மற்றவரை. "உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"பேனா விக்கிறவன் நான்," என்றார் ஹெர்ஷல், கீழே குனிந்து எழுத்தையே பார்த்தபடி. "மத்தவனுக்கெல்லாம் ஒரு பேனா ஒரு வருஷத்துக்குக் காணாது. உனக்கு அது அடுத்த வருஷமும் வருது. எனக்குக் கணக்கு வராதா?"

"ஒவ்வொரு வசந்தத்துக்கும் உன் சட்டைக் கையில வெள்ளைப் பெயின்ட்," என்றார் நோர்பர்ட். "டார்லா அதைத் தேய்க்கிறதப் பாத்துட்டு நான் வேற பக்கம் திரும்பிப்பேன். வராந்தாவிலிருந்து உன் வண்டிக்கு அந்தாண்டப் பக்கம் வந்து நிக்க எனக்குக் கால் இல்லையா என்ன? வரல. அவ்வளவுதான்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது?" என்றார் ஹெர்ஷல். "சொன்னா நீ ஏதாவது ஒரு பக்கம் முடிவு பண்ணியிருப்ப. அது இவன் பக்கமா போயிட்டா?"

நோர்பர்ட் ஆமோதித்துத் தலையை ஆட்டினார். அவருக்கும் அதே பயம்தான் இருந்திருக்கிறது.

பின் இருக்கையிலிருந்து மிஸ் ஐவா, "வாளி காலி. யாராவது தள்ளுங்கப்பா, வெயில் மண்டையப் பொளக்குது," என்றார்.

இரண்டு பேரும் தள்ளினார்கள். முன்னால் நின்று, ஹெர்ஷல் இடப்பக்கமாக, நோர்பர்ட் வலப்பக்கமாக. தோளோடு தோள் இடித்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமாக, இருவரும் மூடியை மட்டுமே பார்த்தபடி. கார் பின்னோக்கியே உருண்டு வளைந்து டயர் கடைக்குள் போனது. மிஸ் ஐவா உள்ளே போகும்வரை கையாட்டிக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து டார்லா கொடுத்தனுப்பிய பன்றிக்கறி வறுவல் வைத்த பன்களைக் கொடுக்க நான் கடைக்குப் போனேன். கார் நாலு முட்டுகளின்மேல் நின்றது. வெண்டல் அதற்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தார். இடது பக்கம் ஒரு ஸ்டூலில் ஹெர்ஷல், வலது பக்கம் ஒரு ஸ்டூலில் நோர்பர்ட். இருவருக்கும் நடுவில் கார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது.

"வெண்டல், பேசாம நாலையும் ஒரே மாதிரி ஆக்கிடலாமா?" என்று கீழேயிருந்து கேட்டது.

"கை வச்ச, தொலைஞ்ச," என்றார் ஹெர்ஷல்.

"எங்கிட்டக் கேக்காத, அவன் சொன்னதுதான்," என்றார் நோர்பர்ட்.

என் காதில் விழுந்தது சரிதானா என்று கொஞ்சம் யோசித்தேன். கீழேயிருந்து கேட்டது வெண்டலின் குரல். ஆனால் அவர் தன் பெயரையே சொல்லித் தன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தனியாகவே இருந்து வந்த பழக்கம். பதில் சொல்ல ஆட்கள் இருந்தது அவருக்கே எதிர்பாராததாக இருந்திருக்கும். பிறகு, "அதுவும் சரிதான்," என்றார்.

ஹெர்ஷல் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் காருக்கு அடியில் நீட்டினார். அதே நேரம் மறுபக்கத்திலிருந்து ஒரு கை ஸ்பேனரை நீட்டியது. வெண்டல் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு, பன்னை வலது பக்கத்துக்குக் கடத்திவிட்டார்.